கடலுக்கு யார் காப்புக் கட்டுவார்

2009 பெப்ரவரி 14, சனி

இந்த எழுத்தை யாராவது பார்க்க நேர்ந்தால் கோபிக்க வேண்டாம். இது வலை பின்னின கை. பேனையைத் துடுப்புப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்து எழுதுவதால் தாளின் பின்பக்கம் தடவினால் மேடு மேடாகத் தெரிகிறது. ஒரு வரி மலை ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம். அறுபத்திமூன்று வயதில் இவ்வளவு வந்ததே பெரிய காரியம்.

கிழமைக்கு ஒரு பக்கமாவது எழுத வேணும் என்று அஜந்தா டீச்சர் சொல்லியிருக்கிறா. காலையில் பாலர் பாடசாலையில் குஞ்சுகளுக்குப் படிப்பிப்பா. சனிக்கிழமை பின்னேரம் அதே சின்னக் கதிரைகளில் எங்களைப் போன்ற கிழடுகளை இருத்திப் படிப்பிப்பா. எனக்குப் பக்கத்தில் எங்கள் அடுத்த வீட்டு இரத்தினம்மா. எழும்பும்போது கதிரையும் அவவோடு சேர்ந்து எழும்பும்.

இன்றைக்கு எழுத ஒரு விசயம் இருக்கிறது. வகுப்பு முடிந்து வரும்போது ஆரையம்பதிச் சந்தி மதிலில் ஒரு நோட்டீஸ். நின்று வாசித்தேன். கடைசி எழுத்து வரை வாசித்தேன், யாரிடமும் கேட்கவில்லை. ஆட்டோக்காரன் ஹோன் அடித்துத்தான் நகர்ந்தேன். ஆகஸ்ட் ஒன்பதாம் திகதி கல்லடியில் போட்டி. முதலில் கடலில் நீச்சல். கரையேறியதும் சைக்கிளில் கல்முனை போய்த் திரும்ப வேணும். இறங்கியதும் செங்கலடி வரை ஓட்டம். மூன்றும் ஒரே நாளில். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட யாரும் சேரலாம்.

யாரும் என்று போட்டிருந்தது. திரும்பவும் வாசித்துப் பார்த்தேன். யாரும் என்றுதான் இருந்தது.

பெப்ரவரி 15, ஞாயிறு

மகள் கேதீஸ்வரியிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

“அப்பா, உங்களுக்கு விசரா? அது வெள்ளைக்காரனும் பெடியனுகளும் ஓடுற ஓட்டம்.”

“யாரும் சேரலாமெண்டு போட்டிருக்கு புள்ள.”

“வாசிக்கப் பழக்கின டீச்சரப் பிடிச்சு ஏசோணும்.”

பிறகு குரல் இறங்கி, “முதல்ல கடலெண்டுதானே சொன்னீங்க. நீங்க கடலுக்க இறங்குவீங்களா?” என்று கேட்டாள்.

நான் மீன் சட்டியைப் பார்த்தேன். அவளும் மீன் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுதத்தான் வேணும். சுனாமி வந்த அந்த ஞாயிறு என் மனைவி அன்னப்பூரணி கடற்கரையில் கரைவலைக்காரரின் வாடியில் கருவாடு புரட்டப் போனாள். நான் ஆற்றில் தோணியில். வாவி என்று எழுதச் சொல்லுவா டீச்சர், எங்களுக்கு அது ஆறு. ஆற்றில் இருந்தவன் பிழைத்தேன். அவள் கிடைக்கவே இல்லை. அவளுக்கு வேறு குழி இல்லை, கடல்தான். அன்றிலிருந்து நானும் மகளும் கடற்கரைப் பக்கம் போனதில்லை. அதில் இறங்குவது அவள் மேல் கால் வைக்கிற மாதிரி.

ஆனால் சாவதற்கு முதல் ஒருக்கால் இறங்க வேணும். தனியே ஏலாது. போட்டியென்றால் சுற்றி ஆட்கள், படகுகள். பின்னால் வருகிறவன் தள்ளிக்கொண்டாவது போய்விடுவான். இதை மகளிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 22

காத்தான்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற முகைதீன்பாவா என் வயதுக்காரர். மீன்பெட்டி கட்டுகிற என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு விசாரித்தார்.

“நீச்சல்?”

“ஆத்துல பிறந்தவன்.”

“சைக்கிள்?”

“இதுலதானே ஊரூரா மீன் விக்கிறன்.”

“ஓட்டம்?”

“எண்பத்தஞ்சுக் கலவரத்திலருந்து ஓடிக்கொண்டுதானே பாவா இருக்கிறம்.”

பாவா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் செயினைச் சுற்றிவிட்டு, “தொண்ணூறில தமிழனெண்டு நீ ஒரு பக்கம் ஓடினாய், முஸ்லிமெண்டு நான் ஒரு பக்கம் ஓடினன். இந்த முறையாவது ஒரே பக்கமா ஓடு மச்சான்” என்றார். பிறகுதான் இரண்டு பேரும் சிரித்தோம். புது டயர் போட்டுத் தந்தார். தன் மகனின் காற்சட்டை ஒன்றும் தந்தார். சாரனோடு ஓட ஏலாதாம்.

மார்ச் 9

விடிய ஓடினேன். ஆமிச் சென்றிப் பொயின்றில் மறித்தார்கள். அவர்களுடைய சிங்களத்தில் கிழவன் சீயா, எங்களுக்கு அவர்கள் மாத்தயா.

“சீயா! எங்க ஓடுறது? பின்னால யாரு வாறது?”

“ஒருத்தரும் வரேல்ல மாத்தயா.”

“ஒருத்தரும் வராம ஏன் ஓடுறது?”

இனி சென்றி வரை நடந்து, அதைத் தாண்டி, வளைவுக்குப் பிறகு ஓடுவதாக முடிவு.

ஏப்ரல் 4, சனி

எப்போது ஒருவன் தயார் என்று சொல்லலாம்? டீச்சரிடம் கேட்டேன். பயிற்சி செய்யச் செய்யத் தெரியுமாம்.

தீ மிதிப்புக்கு அது பெரிய கேள்வி இல்லை. இளவயதில் காளி கோயிலில் நான் மிதித்திருக்கிறேன். பூசாரி கந்தப்போடியார் மணிக்கட்டில் காப்புக் கட்டுவார். அன்றிலிருந்து ஒருநேரச் சாப்பாடு, மீன் இல்லை. குழிக்கு முன்னால் ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பார்ப்பார். குளிர்ந்திருந்தால் போகலாம். சூடாக இருந்தால் ஒதுக்கி நிறுத்திவிடுவார். நாம் யோசிக்கத் தேவையில்லை.

இந்தப் போட்டிக்கும் அப்படியே விரதம் பிடிக்கலாம் என்று இன்று தொடங்கியிருக்கிறேன். காப்பு நானே கட்டிக்கொண்டேன், மஞ்சள் நூலில். பித்தளைச் செம்பில் முகம் பார்த்தேன். நல்ல களை.

ஏப்ரல் 19

தேற்றாத்தீவில் விழுந்துவிட்டேன். கல்முனைப் பக்கம் மிதித்துப் போகும்போது ரோட்டு வெள்ளையாகியது, பிறகு கறுப்பாகியது. கண் திறந்தால் யாரோ ஒரு அம்மா முகத்தில் இளநீர் ஊற்றிக்கொண்டிருந்தா. சித்திரை வருஷப் பலகாரம் கூட நான் தொடவில்லை.

பாவாவுக்குச் சொல்லி அனுப்ப, வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அட கிறுக்கா, நெருப்பில அஞ்சாறு எட்டு வைச்சா முடிஞ்சுது. இது கல்முனை! பட்டினியில கல்முனை போவாங்களா? நோன்பு புடிக்கிற நாங்களே நோன்போட அங்க மிதிக்க மாட்டம்.”

கேதீஸ் ஒன்றும் ஏசவில்லை. கோப்பையில் சோறும் மீனும் போட்டு முன்னால் வைத்துவிட்டுப் போனாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நூலை அறுத்துப்போட்டேன்.

மே 19, செவ்வாய்

சண்டை முடிந்துவிட்டதாம். பட்டணத்துப் பக்கம் வெடி கேட்டது, இது சந்தோஷ வெடியாம். சென்றியில் பாற்சோறு கொடுத்தார்கள். “சீயா, இனி ஓடலாம்” என்று அன்று என்னை மறித்த பெடியன் சிரித்தான். கெட்டவன் இல்லை.

இரத்தினம்மாவின் மகன் சண்டை நடந்த வன்னியில் இருந்தான். அவவின் வீட்டில் இன்று அடுப்புப் புகையவில்லை.

பாற்சோற்றை இலையோடு வீடு வரை கொண்டு வந்தேன். தின்னவும் ஏலேல்ல, எறியவும் ஏலேல்ல. என்ன செய்யிறது? சோறுதானே. கடைசியில காகத்துக்கு வைச்சன்.

மே 23, சனி

இரத்தினம்மா வகுப்புக்கு வரவில்லை. அந்தச் சின்னக் கதிரை சும்மா கிடந்தது.

ஜூன் 8

உடம்பு தயார். கல்முனை போய் வந்துவிட்டேன், சாப்பிட்டுவிட்டுத்தான். மற்றொரு நாள் செங்கலடி வரை ஓடினேன் – ஓட்டமும் நடையுமாக. ஆற்றை அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தினேன். ஆஸ்பத்திரி டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, “ஐயா, உங்கட இதயம் என்ர இதயத்தை விட நல்லா இருக்கு” என்று சொல்லிச் சான்று எழுதிக் கொடுத்தார். பெயர் பதியும் இடத்தில் மையை நீட்டினார்கள். பெருவிரலை மடக்கிக்கொண்டு பேனையைக் கேட்டேன். நல்லரத்தினம் என்று எழுதினேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். சலிக்கட்டும்.

ஆனால் பின்னேரம் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். நாலரை வருஷத்துக்குப் பிறகு. ஈரமணல் தொடங்கும் இடத்தில் கால் நின்றுவிட்டது. நுரை ஏறி வந்தது. நான் பின்னால் போனேன். நுரை இறங்கியது. நான் போகவில்லை.

ஜூன் 14

பூசாரி கந்தப்போடியாரிடம் போனேன். இப்போது கண் பார்வை இல்லை, கை மட்டும் பழைய கை. என் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள் என்றேன். விசயத்தைக் கேட்டுவிட்டு என் கையை விட்டுவிட்டார்.

“நெருப்பு எண்டால் நான் சொல்லுவன் மனே. எத்தின பேரை விட்டிருக்கிறன், எத்தின பேரை மறிச்சிருக்கிறன். கடலுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. கடலுக்கு ஆர் காப்புக் கட்டுறது?”

வீட்டுக்கு வந்து சும்மா இருந்தேன்.

ஜூன் 28

ஈரமணல் வரை. அதற்கு அங்கால் ஏலவில்லை.

ஜூலை 5

இன்றும் அப்படியே.

ஜூலை 19

எத்தனை பேர் அங்கே சிரித்துக் குளிக்கிறார்கள். பிள்ளைகள் கூட. எனக்கென்ன? தோணிக்காரனுக்குத் தண்ணியில பயமா? பயம் இல்லை. பயமெண்டால் நீந்தித் தீர்த்துவிடலாம். அவள் அதுக்க கிடக்கிறாள். அவள்ட முதுகு, அவள்ட தலைமயிர் – அதுக்கு மேல என்னண்டு கால் வைக்கிறது?

எழுத்து இன்று மிகவும் கோணல். இதோடு விடுகிறேன்.

ஆகஸ்ட் 1, சனி

பாவா சைக்கிளில் பறந்து வந்தார். “அடிச்சதடா அதிஷ்டம்! கடல்ல நீந்த மேலிடத்தில அனுமதி இல்லயாம். நீச்சல் கல்லடிப் பாலத்தடியில. ஆத்துல மச்சான், ஆத்துல! உன்ர வீட்டு முற்றம்!”

கேதீஸின் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு வெளிச்சம். “அப்ப பிரச்சினை முடிஞ்சுதப்பா” என்றாள்.

ஓம் என்றேன்.

நான் எதற்காக இவ்வளவு நாள் மிதித்தேன், ஓடினேன்? ஆற்றில் நீந்தவா? அதை நான் நாளும் செய்கிறேன். போக வேண்டாம் என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் என் பெயரை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை வெட்டச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

இன்று எழுத ஏலாது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10

நேற்று கையில் கறுப்பு மையால் இலக்கம் எழுதினார்கள். விசில் ஊதியது. பெடியன்கள் காலும் கையும் அடிபடத் தண்ணீரில் விழுந்தார்கள். நான் கரையோடு சேர்ந்து, நீரோட்டம் பார்த்து நீந்தினேன். கடைசி ஆளாக வரவில்லை. பாலத்தில் நின்ற பாவா, “எங்கட ஆள்! எங்கட ஆள்!” என்று கத்தினார். காத்தான்குடிப் பெடியன்களும் சேர்ந்து கத்தினார்கள்.

சைக்கிளில் ஏறினேன். காத்தான்குடி, ஆரையம்பதி. எங்கள் ஒழுங்கை வாசலில் கேதீஸ் தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். ஒவ்வொருவராக என்னை முந்திப் போனார்கள். தேற்றாத்தீவு வரும்போது முன்னாலும் பின்னாலும் ஒருவரும் இல்லை. இடது பக்கம் கடல் இரைகிற சத்தம் மட்டும்.

கடலுக்குப் போகிற ஒழுங்கையில் ஹாண்டிலைத் திருப்பினேன். மோட்டார் சைக்கிளில் வந்த தொண்டர் ஒருவர், “ஐயா, அது வழி இல்ல!” என்றார்.

“தெரியும் தம்பி.”

ஈரமணலில் நின்று என் மணிக்கட்டை நானே பிடித்துப் பார்த்தேன். தன் கையைத் தான் பிடித்தால் சூடா குளிரா என்று தெரியாது. இரண்டும் ஒரே உடம்பு. தயாரா இல்லையா என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. இறங்கினேன்.

முழங்கால். இடுப்பு. நெஞ்சு. ஒரு அலை தூக்கி வைத்தது. அவளைக் கூப்பிட்டேன். வீட்டில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படி.

ஒண்டும் இல்ல.

தண்ணி. வெறும் உப்புத் தண்ணி. அவள் அங்கே இல்லை. இவ்வளவு காலமும் அவள் மேல் கால் வைத்துவிடுவேன் என்று பயந்தேன். அவள் மேல் படாமல் இருக்க ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். அங்கேயும் இல்லையென்றால் எங்கே? கடல் பெரியது என்று தெரியும், இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அழுகை வரவில்லை. மீன்கள் காலில் உரசின. கரையேறினேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். போட்டியில் யார் வென்றார் என்று கேட்கவில்லை. இன்று காலை மீன் விற்கப் போனேன். சூடைமீன் நல்லா விற்றது.

ஆகஸ்ட் 15, சனி

இரத்தினம்மா இன்றும் வரவில்லை. டீச்சர் என் கொப்பியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுத்து நேராகி வருகிறது என்றா. வாசிக்கவில்லை, வரியை மட்டும் பார்த்தா. எனக்கு வெட்கமும் சந்தோஷமும்.

கேதீஸ் பாவா தந்த காற்சட்டையைத் துவைத்தாள். பொக்கெற்றை வெளியே இழுத்ததும் மணல் கொட்டியது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“இது ஆத்து மணல் இல்லையே அப்பா.”

சொன்னேன். இறங்கினேன் என்று மட்டும் சொன்னேன். அவள் அந்தக் காற்சட்டையைத் திரும்பத் திரும்பப் பிழிந்தாள். கொடியில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“வாற சனி என்னையும் கூட்டிப் போங்க. நான் அம்மாவப் பாக்கோணும்.”

பாக்கோணும் என்றாள். நான் ஓம் என்றுவிட்டேன்.

அங்கே ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கூட்டிப் போவதா, போய் அவளே அறியட்டும் என்று விடுவதா? யாரிடம் கேட்பது? ஈரமணலில் நிறுத்தி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பேன். மற்றவர் கையென்றால் சூடும் குளிரும் தெரியும். சூடாக இருந்தால் திரும்பக் கூட்டி வந்துவிடுவேன்.

எப்படி இருந்தது என்று அடுத்த கிழமை வந்து இதற்குக் கீழேயே எழுதுகிறேன். இடம் விட்டிருக்கிறேன்.