பின்னாடி ஓடுது

மார்ச் 4, செவ்வாய்

அப்பாடா. புரோகிராம் சாகவில்லை. மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்ததாம், அவ்வளவுதான்.

நேற்று பேனாவைத் தொடும் நிலையில் இல்லை. அதையும் சேர்த்து இன்றைக்கே எழுதிவிடுகிறேன். எங்கள் தையல் கூடத்துக் கட்டிங் மாஸ்டர் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருக்கிறார். எந்தத் துண்டைத் துணியில் எங்கே வைத்தால் கழிவு குறையும் என்பது அவர் தலைக்குள் இருந்த கணக்கு. அவர் எழுந்து வரும்வரை அந்த வேலையைச் செய்ய என் பேத்தி கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறாள். அளவைக் கொடுத்தால் போதும். கை, காலர், முன்பக்கம் என்று எல்லாவற்றையும் ஆயிரம் விதமாக மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்து, இருப்பதில் நல்லதை நீளக் காகிதத்தில் வரைந்து கொடுக்கும். எழுதியது யார்? என் பேத்தி. இதை எத்தனை தடவை எழுதினாலும் என் கை வலிக்காது.

மற்றவர்கள் எல்லாரும் மெஷினில் இருப்பதால் அளவு போடும் வேலை எனக்கு. நேற்று எல்லாம் போட்டு 'அடுக்கு' பட்டனை அழுத்தினேன். திரை வெளுத்துவிட்டது. எங்கே தொட்டாலும் அசைவில்லை. சரி, காதில் விழவில்லை போல என்று இன்னொரு தடவை அழுத்தினேன். அப்புறம் இன்னொரு தடவை. உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்காத வீட்டில் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒருவழியாகத் திரை உயிர் பெற்றது. பெற்ற வேகத்தில், நான் தொடாமலே, மறுபடி வெளுத்தது. மறுபடி உயிர். மறுபடி வெளுப்பு. மகன் வந்து பார்த்தான்.

"பேய் புடிச்ச மாதிரி ஆடுது. இதை நம்பித் துணியில கத்திய வைக்கச் சொல்றியா?" என்று பிளக்கையே பிடுங்கிவிட்டான். பேத்தியிடம், "ஆஸ்பத்திரி ஆர்டருக்கான துணி வர்றதுக்குள்ள இது ஒழுங்கா ஓடணும். இல்லன்னா வெட்டுற வேலைய வெளிய குடுத்துடுவேன். நீ உங்க மாமா ஆபீஸ்ல போய்ச் சேர்ந்துக்கோ" என்றான். சொன்னதோடு விட்டானா? பரணிலிருந்து அவள் ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியை இறக்கித் தூசி தட்டி, கூடத்து மூலையில் வைத்துவிட்டான். அவள் அப்பனை ஒரு பார்வை பார்த்தாள், பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள், போய் உட்கார்ந்துகொண்டாள்.

இன்று காலை என்னிடம் சொல்கிறாள்: "உள்ள ஒரே ஆள்தான் பாட்டி. துண்டை அடுக்குறதும் அவன்தான், திரைய வரையறதும் அவன்தான், நீ பட்டனைத் தொட்டா என்னன்னு கேக்கறதும் அவன்தான். குனிஞ்சு அடுக்கிட்டு இருக்கறவன் எப்படி நிமிர்ந்து பார்ப்பான்?"

"அப்ப நான் அத்தனை தடவ அழுத்தினது?"

"எல்லாம் வரிசையில நின்னுச்சு. ஒன்னு முடிஞ்சதும் அடுத்தத எடுத்து முதல்லேருந்து அடுக்கினான். பாவம், அவனை என்ன பாடு படுத்திட்ட!"

சிரிக்கிறாள். என் மேல் கோபமில்லை. எனக்கு அது போதும்.

மார்ச் 5, புதன்

உள்ளே இன்னொரு ஆளை வேலைக்கு வைக்கிறாளாம். சோறு வேண்டாம், லீவு வேண்டாம். கொடுத்துவைத்த முதலாளி.

மார்ச் 7, வெள்ளி

வந்துவிட்டான் அந்த இன்னொரு ஆள். அடுக்குகிற வேலையைப் பின்னாடி உட்கார்ந்து அவன் பார்த்துக்கொள்கிறான். முன்னாடி இருப்பவன் நம்மைக் கவனிக்கிறான். திரை வெளுப்பதே இல்லை. கீழே ஒரு பச்சைக் கோடு நகர்கிறது, எவ்வளவு முடிந்தது என்று. பக்கத்தில் 'நிறுத்து' என்று ஒரு பட்டன். 'அடுக்கு' பட்டனோ வேலை ஓடும்போது சாம்பல் நிறமாகிவிடுகிறது. சும்மா ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். ம்ஹூம்.

"எனக்காகத்தானே இதைப் பூட்டின?" என்றேன்.

"உன்ன மாதிரி ஆளுங்களுக்காக" என்றாள்.

மகன்தான் அடங்கவில்லை. அடுப்பில் பால் வைத்தவன் போலக் கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். கடைசியில் கோடு மெதுவானதும், "பாரு, நின்னுடுச்சு" என்று பிளக் பக்கம் கையைக் கொண்டுபோனான். பேத்தி குறுக்கே போய் நின்றாள். "கடைசில ஓரத்துச் சின்னத் துண்டுங்கதான்ப்பா நேரம் எடுக்கும். பெருசெல்லாம் உக்காந்தப்புறம் சின்னதுக்கு இடம் தேட வேணாமா?" சொல்லி முடிக்கவும் மணி அடித்தது. முடிந்ததும் ஒரு மணி அடிக்கும்படி வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னேன். "இப்ப எல்லா புரோகிராமும் அப்படித்தானே ஓடுது" என்றார். எல்லா புரோகிராமையும் என் பேத்தியா எழுதினாள்? இதையல்லவா எழுதினாள்! கேட்டுவிட்டேன். டீச்சர் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

மார்ச் 10, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதவே மனசில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரித் துணி வந்தது. நர்ஸ்களுக்கான யூனிஃபார்ம். அளவெல்லாம் போட்டு ஓடவிட்டேன். கோடு பாதி வந்திருக்கும், மாஸ்டர் போன் செய்தார். "அம்மா, அந்த மில் துணி பன்னா சொன்னதை விடக் குறையும். ஒரு தடவ அளந்து பார்த்துக்குங்க." பன்னா என்றால் துணியின் அகலம். மருமகள் டேப்பை வைத்து அளந்தாள். அவர் சொன்னது சரிதான். இரண்டு அங்குலம் குறைவு.

முன்பென்றால் திரை வெளுத்துக் கிடக்கும், கை வைக்கவே முடியாது. இப்போதுதான் விடுகிறதே! நல்ல வசதி என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அகலத்தை மாற்றிவிட்டேன். திரையும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. மணி அடித்தது. காகிதம் வந்தது. துணியை அடுக்கடுக்காக விரித்து அதன் மேல் காகிதத்தைப் பரப்பினார்கள். மகன் வெட்டு மெஷினைக் கையில் எடுத்து ஸ்விட்சையும் போட்டுவிட்டான்.

"ஏங்க, நிறுத்துங்க! இந்தக் கை துணிய விட்டு வெளிய தொங்குது" என்று மருமகள் கத்தினாள்.

எட்டிப் பார்த்தால் – காகிதத்தின் இந்தப் பாதி பழைய அகலம், அந்தப் பாதி புது அகலம். பின்னாடி இருந்தவன் பாதி வேலையில் இருக்கும்போது அவன் கையிலிருந்த அளவை நான் பிடுங்கி வேறொன்றைக் கொடுத்திருக்கிறேன். அய்யோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன் நான்? அத்தனை அடுக்குத் துணி! கத்தி பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? இந்தப் பொண்ணு கதி என்ன?

"நான்தான்டா ஓடும்போது மாத்தினேன். அவள ஒன்னும் சொல்லாத" என்றேன். மகன் மெஷினை அணைத்துவிட்டு மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தான். அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

பேத்தி காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "பாட்டி மாத்தினது தப்பில்லப்பா. மாத்த விட்டேன் பாரு, அது என் தப்பு. நாளைக்கு ஒரு நாள் குடு."

"துணி நாளைக்கும் இங்கதான் இருக்கும்" என்றான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

துணி பிழைத்தது. இன்றைக்கு அதை மட்டும் நினைத்துக்கொண்டு படுக்கிறேன். மருமகள் கண்ணுக்குச் சுற்றிப் போட வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

சரிசெய்துவிட்டாள். இனிமேல் பட்டனை அழுத்தியதுமே அளவையெல்லாம் ஒரு நகல் எடுத்துப் பின்னாடி இருப்பவன் கையில் கொடுத்துவிடுமாம். முன்னாடி நான் என்ன கூத்தடித்தாலும் அவன் தன் நகலை மட்டும் பார்ப்பான். நடுவில் அளவை மாற்றினால் திரையில் ஒரு வரி வருகிறது: "அளவு மாறியிருக்கிறது. ஓடுவது பழைய அளவுக்கு. நிறுத்திவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கவா?"

மகன் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஓடவிட்டு அகலத்தை மாற்றினான். நீளத்தை மாற்றினான். காலரை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தான். நடுவில் நிறுத்தினான். மூடப் பார்த்தான் – "பின்னாடி வேலை ஓடுது, மூடவா?" என்று கேட்டது.

"என்னம்மா, உன்ன விட அதிகமா கேள்வி கேக்குது இது" என்று என்னைப் பார்த்தான்.

"கேக்கறதுக்கு ஆள் இல்லாமத்தானேடா நேத்து கெட்டுச்சு" என்றேன்.

சிரித்துவிட்டான். ஒரு வாரமாகக் காணாத பல்.

மார்ச் 12, புதன்

மாஸ்டர் கறுப்புக் கண்ணாடியோடு வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை, இருப்புக் கொள்ளவில்லையாம். மேசை நெடுகக் காகிதத்தைத் தடவிக்கொண்டே நடந்தார்.

"இந்தக் காலரை நான் இங்க வச்சிருக்க மாட்டேன்."

"வேற எடத்துல வச்சா துணி மிச்சமாகுமா மாஸ்டர்?" என்று பேத்தி கேட்டாள்.

யோசித்தார். "மிச்சமாகாது. பார்க்க அழகா இருக்கும்."

"அழகுக்கும் ஒரு பட்டன் வைக்கிறேன்" என்றாள்.

"வைம்மா. அதுவரைக்கும் வெட்டட்டும்" என்றார்.

வெட்டினார்கள். ஒரு கைகூடத் தொங்கவில்லை. நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து அடுத்த ஆர்டர் வந்திருக்கிறது.

மத்தியானம் மகன் அளவைப் போட்டான், பட்டனை அழுத்தினான், எழுந்து கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தான். திரைக்கு முதுகைக் காட்டி! நான்தான் கோட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. "டேய், முடிஞ்சிடுச்சு" என்றேன். "முடிஞ்சா இருக்கட்டும்மா, எங்க ஓடிடப் போகுது? குழம்பு ஊத்து" என்றான்.

வெட்டி மிஞ்சிய கழிவுத் துணியைப் போட மருமகள் சாக்கு தேடினாள். கிடைக்கவில்லை.

"அந்தப் பெட்டி சும்மாதானே கிடக்குது, அதுல போடு" என்றான், தட்டிலிருந்து தலை நிமிராமல்.

பேத்தி அப்பனைப் பார்த்தாள். பிறகு அவளே எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து வைத்தாள். கழிவு முன்னைவிடக் குறைவுதான், எழுதியது என் பேத்தியாயிற்றே. இருந்தாலும் பெட்டி நிறைந்துவிட்டது.