மந்திரி சொல்லாமல் விட்ட பாதி

பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாடகம் பார்த்தேன். மருந்துக்கடைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தேன். ராணியாக நீ விஷக் கிண்ணத்தை வாங்கியபோது பக்கத்து இருக்கைப் பெண்மணி மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளையின் மந்திரி வேஷம்தான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ராஜாவின் காதில் அன்பாகப் பேசிப் பேசியே உன்னைக் கொன்றுவிட்டார். அவருக்கு எப்படித்தான் அவ்வளவு இயல்பாக வருகிறதோ.

உன்னைப் பார்க்காமல் திரும்பியதற்குக் கோபிக்காதே. நாடகத்துக்கு முன்பு, மத்தியானம் நூலகத் தெருவில் மாப்பிள்ளை ஒரு மாடிப்படியில் இறங்கி வந்தார். கூடவே ஒரு பெண். அவர் கழுத்தைத் தொட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எனக்கு உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒன்றும் இருக்காது. மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் அண்ணி என்னை விட்டுப் போன பிறகும் உன் அறையை அப்படியேதான் வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்

பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதினால் போதுமா? "ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க போனீங்க?" என்று கேட்டேன். "சும்மா நடந்துட்டு வந்தேன்" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. இருக்கிற பேச்சையெல்லாம் மேடைக்குச் சேர்த்து வைக்கிறார் போல. நேற்று எனக்கு வசனம் மறந்துபோய் நடு மேடையில் நின்றேன்.

உனக்கு வேறு ஏதாவது தெரியுமா?

தங்கை

பிப்ரவரி 18

அன்புத் தங்கைக்கு,

எல்லாவற்றையும் கடிதத்தில் எழுத முடியாது. மாப்பிள்ளை நல்லவர் என்றுதான் நானும் நினைத்தேன். உன் அண்ணியையும் அப்படித்தான் நினைத்தேன். நேற்று அவருக்குப் போன் செய்தேன். இதைப் பற்றிப் பேசவில்லை. "தங்கச்சி மனசு உங்ககிட்ட இல்ல போலிருக்கு, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

முடியாவிட்டால் கிளம்பி வந்துவிடு. நான் இருக்கிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 9

அண்ணா,

உன் கடிதம் வந்த வாரமே கம்பெனி முதலாளியிடம் போய், "இனிமே அவரோட நடிக்க மாட்டேன், அவர் இல்லன்னா நான்" என்றேன். மந்திரி வேஷத்தை அவரிடமிருந்து பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுத்தார்: "மந்திரி பொய்யே சொல்றதில்லப்பா. பாதி நிஜத்தைச் சொல்லி, ஒண்ணும் இருக்காதுன்னு நிறுத்திக்கிறான். மீதியை ராஜாவே கட்டிக்கிறார்."

எனக்கு உன் முதல் கடிதம் நினைவுக்கு வந்தது. அங்கிருந்து நேராக நூலகத் தெருவுக்குப் போனேன். அந்த மாடிப்படி வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை: தொண்டை மருத்துவர். நீ சொன்ன பெண் அந்த மருத்துவர்தான். "குரல் நாண்ல கட்டி வந்திருக்கு. தெரிஞ்சா வேஷம் போயிடும்னு வீட்டுலகூடச் சொல்லாம இருந்தார்" என்றார். அவர் எதை இழக்கப் பயந்தாரோ, அதை நானே பறித்துவிட்டு வந்து நிற்கிறேன்.

இப்போது மருத்துவர் உத்தரவுப்படி அவர் ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது. எதையும் காகிதத்தில்தான் எழுதிக் காட்டுகிறார்.

நீ மருந்துக்கடைக்காரன். அந்தப் பலகையைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டாய். ஏன் செய்தாய்? சுற்றி வளைக்காமல் எழுது.

தங்கை

மார்ச் 14

தங்கைக்கு,

பலகையைப் படித்தேன். தெரிந்துதான் எழுதினேன். கடை மூடி வந்து கதவைத் திறந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பொறுக்க முடியவில்லை. நீ திரும்பி வந்தால் போதும் என்று இருந்தது. உன் குடும்பம் கெடுவதைப் பற்றி நினைக்கவே இல்லை.

மாப்பிள்ளையிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீ வர வேண்டாம். அவர் பக்கத்தில் இரு.

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பிறகு கடிதத்தை வாங்கி அதன் பின்பக்கத்தில் எழுதினார்: "இதாவது முழு நிஜமா?"

கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

இப்போதைக்கு எழுதாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

தங்கை