மஞ்சள் சீட்டு மட்டும்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது? இந்த மாதத்தோடு எனக்கு ஓய்வு. பதினெட்டாம் தேதி கடைசி வகுப்பு. உடம்பின் செல்லுக்குள் சமிக்ஞை போகும் அதே பாடம்தான். பிள்ளைகளை நிறுத்தி வைத்து நடத்தப்போகிறேன். வாசலில் சேதி வாங்கும் ஏற்பியாக நிற்க உங்களை விட்டால் ஆள் ஏது? வந்துவிடுங்கள்.

உங்கள் தங்கை,
டீச்சர்

மார்ச் 9

மேடத்துக்கு, பழைய அட்டெண்டர் சொல்ல மருமகள் எழுதுவது.

கால் பரவாயில்லை. ஆனாலும் நான் வரவில்லை. காரணத்தைச் சொல்லாமல் போனால் என் கட்டை வேகாது.

எனக்கு எழுத்துதான் ஏறவில்லை. ஞாபகம் விட்டுத் தொலைய மாட்டேன் என்கிறது. இருபத்திரண்டு வருஷம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி வகுப்பு. நாற்பத்தொரு பிள்ளைகள். நீங்கள் நீலச் சேலை. "வெளியிலேருந்து வர்ற சேதி செல்லுக்குள்ள நுழையாது. வாசல்ல நிக்கிற ஏற்பி அதை வாங்கிக்கிட்டு, உள்ள ஒருத்தர் தோளைத் தட்டும். அவர் ரெண்டு பேரைத் தட்டுவார், அவங்க நாலு பேரை. கடைசியில நடு நாற்காலியில உட்கருவா உக்காந்திருக்கிற பொண்ணு புத்தகத்தைத் திறந்து வாசிக்கணும்" என்றீர்கள். என் பக்கம் திரும்பி, "அண்ணே, மஞ்சள் சீட்டு மட்டும்தான் உங்களுக்குப் பொருந்தும். வேற எது வந்தாலும் வாங்காதீங்க, ஏமாத்தப் பார்ப்பாங்க" என்றீர்கள். பச்சை நீட்டினார்கள், சிவப்பு நீட்டினார்கள், நான் அசைவேனா?

அப்போது ஆபீஸ் கிளார்க் வெள்ளைச் சீட்டோடு வந்தார். "டீச்சருக்கு அவசரம்யா, உள்ள குடு." அவரும் விளையாட்டில் கூட்டு என்று நினைத்தேன். "போய்யா, என்கிட்டயேவா?" என்று சிரித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, சீட்டை என் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போனார்.

மணி அடித்த பிறகுதான் கொடுத்தேன். அம்மா சாகக் கிடக்கிறார் என்று ஊரிலிருந்து வந்த சேதி அது; உங்கள் முகம் வெளுத்துவிட்டது. "எப்ப வந்துச்சு?" என்றீர்கள். "இப்பத்தான் மேடம்" என்றேன். அதற்குள் பத்தேமுக்கால் வண்டி போய்விட்டது. சாயங்கால வண்டியில் போய், உயிர் போன உங்கள் அம்மாவைத்தான் பார்த்தீர்கள்.

மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எழுதும்மா" என்று இரண்டு தரம் சொல்லவேண்டியிருக்கிறது.

இனி என்னை அண்ணன் என்று எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
கைநாட்டு

மார்ச் 13

அண்ணனுக்கு,

அந்தச் சீட்டின் மூலையில் கிளார்க் நேரம் எழுதியிருந்தார்: பத்து பதினைந்து. நீங்கள் கொடுத்தது பதினொன்றுக்கு. சாயங்கால வண்டிக்காகக் காத்திருந்தபோது பார்த்தேன். படிக்கத் தெரியாத உங்களுக்கு, அதில் நேரம் எழுதியிருப்பது தெரிந்திருக்க வழியில்லை என்பதும் அங்கேதான் உறைத்தது.

மூன்று வருஷம் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுவும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மஞ்சள் மட்டும் என்று சொன்னது நான்தானே என்பது அப்புறம்தான் புத்தியில் ஏறியது. ஆனாலும் நீங்களே வாய் திறக்கட்டும் என்று இருந்துவிட்டேன். நானாவது கேட்டிருக்கலாம்.

அம்மா கடைசியாக என்னிடம் என்ன சொல்ல நினைத்தாளோ, அது இனி எந்த வழியாகவும் வராது. அந்த வருத்தம் தீர்ந்துவிட்டது என்று பொய் எழுத மனசு வரவில்லை.

பதினெட்டாம் தேதி வாசலில் நாற்காலி போட்டிருப்பேன். வெள்ளையோ மஞ்சளோ, எது வந்தாலும் உள்ளே கொடுத்துவிடுங்கள், அண்ணே.

தங்கை