பேர் தேய்த்த சொம்பு

கண்டக்டரே,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்த மார்கழிக் குளிருக்கு நான் போட்டிருக்கிற பச்சை ஸ்வெட்டர் என்னுடையதில்லை. பொய் சொல்லி உங்களிடம் வாங்கியது. பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம்கூட இதைச் சொன்னதில்லை. இன்று காலையில் பெட்டியிலிருந்து எடுத்து உதறினேன். பாச்சை உருண்டை வாசனையோடு டீசல் வாசனையும் கொஞ்சம் வந்தது. அப்புறம் கீரை ஆயக் கை ஓடவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் டிக்கெட் கிழிக்கிற மாதிரி கிழித்துப் போடாதீர்கள்.

உங்கள் பஸ் பகலெல்லாம் சேலம் போய்வரும். சாயங்காலம் அரூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கடைசி டிரிப். அரூரில் கீரை விற்றுவிட்டு நான் அதில்தான் திரும்புவேன். மற்ற நாளெல்லாம் அது சும்மா பஸ். சனிக்கிழமை மட்டும் திருவிழா. வாரம் முழுக்க ஜனங்கள் விட்டுவிட்டுப் போனதை நீங்கள் கடைசி சீட்டுக்கு அடியில் தகரப்பெட்டியில் போட்டு வைத்திருப்பீர்கள். ஊரைத் தாண்டியதும் டிரைவர் வேகப்பாட்டாகப் பார்த்து ஒரு கேசட் போடுவார். நீங்கள் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவீர்கள்.

"யாருதுங்க இது? அடையாளம் சொல்லி வாங்கிக்கங்க!"

ஒற்றைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி, பாதி முறுக்கு. ஒருமுறை பல்செட் வந்தது. "போட்டுக் காட்டுனாத்தான் குடுக்கணும்" என்று நான் கத்தினேன். வாரமெல்லாம் குனிந்து நிமிர்ந்த வலி அந்த முக்கால் மணி நேரத்தில் எங்கே போகும் என்றே தெரியாது.

எண்பத்தஞ்சாம் வருஷம் மழைக்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பெட்டியிலிருந்து நல்ல நல்ல சாமானாக வர ஆரம்பித்தது. பாதிகூடத் தீராத பவுடர் டப்பா. சட்டம் போட்ட கைக்கண்ணாடி. அப்புறம் இந்த ஸ்வெட்டர். மறதிக்காரர்கள் நல்லதாகவே பார்த்தா தொலைப்பார்கள்? அதுவும் எல்லாம் பொம்பளைச் சாமானாகவா?

ஸ்வெட்டரை நீங்கள் காட்டியபோது எனக்குக் குளிர். வாய் முந்திக்கொண்டது. "என்னுதுங்க! ஒரு பித்தான் இருக்காது பாருங்க!" குத்துமதிப்பாகத்தான் சொன்னேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "ஆமாமா, சரிதான்" என்று கொடுத்துவிட்டீர்கள். வீட்டில் போய் எண்ணினேன். பித்தான் ஐந்தும் இருந்தது. பொய் சொன்னவள் நான். ஆனால் எனக்கு வந்த கேள்வி, இந்த ஆள் ஏன் பொய் சொன்னார் என்பதுதான்.

அடுத்த வாரம் ஒரு பித்தளைச் சொம்பு. சித்தேரி மலையிலிருந்து சாமை கொண்டுவந்து விற்கும் பெரியவர் கையைத் தூக்கினார்.

"அடையாளம்?"

"உருண்டையா இருக்குங்க."

"கரெக்டாச் சொன்னீங்க. இந்தாங்க."

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொம்பை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நம் பக்கத்தில் பேர் வெட்டாத பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது? இதிலும் கழுத்துக்குக் கீழே வெட்டியிருந்திருக்கிறார்கள். அந்த இடத்தை யாரோ அரத்தால் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். பேரை அழிக்கிறவன் யார்? திருடன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் பொம்பளைங்க சீட்டு மூன்று வரிசைக்கும் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டேன். சேலத்தில் அடித்து இங்கே கொடுக்கிறார், கூட்டாளி டிரைவர், பாட்டுச் சத்தமெல்லாம் கவனத்தைத் திருப்பத்தான் என்று கையும் காலும் வைத்துச் சொன்னேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை வேண்டுமென்றே சீக்கிரம் வந்து, காலி பஸ்ஸின் பின்பக்கம் நின்றேன். நீங்கள் உங்கள் சொந்தப் பையிலிருந்து ஒரு சீப்பையும் குங்குமச் சிமிழையும் எடுத்துத் தகரப்பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன்.

"ஏங்க கண்டக்டரே, ஊரான் வூட்டுச் சாமானை எடுத்தாந்து இங்க தருமம் பண்றீங்களா? செக்கிங்காரரு வரட்டும், வெச்சுக்கறேன்."

நீங்கள் பதிலுக்குக் கிண்டல் செய்வீர்கள் என்று நினைத்தேன். பெட்டியை மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்தீர்கள்.

"ஊரான் வூடு இல்லம்மா. என் வூடு."

உங்கள் வீடு நல்லம்பள்ளிப் பக்கம். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு மாதம் நீங்கள் வேலைக்கு வராதபோது, மாமனார் வீட்டில் விருந்து சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லிச் சிரித்தவள் நான்.

"என் சம்சாரம் போயி நாலு மாசமாச்சு. சொந்தக்காரங்களுக்குக் குடுத்தா, செத்தவ சாமான் வேணாங்கறாங்க. எரிச்சுடுன்னு சொல்றாங்க. எரிக்கக் கை வரலம்மா. வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கவும் முடியல. யாராச்சும் போட்டுக்கிட்டு நடமாடட்டுமேன்னுதான்."

"அதுக்குப் பேரை ஏங்க தேச்சீங்க?"

"பேரு இருந்தா யாருன்னு கேப்பாங்கல்ல? நானேதான் தேச்சேன். மூணு எழுத்துதான். ஒரு பகல் பூரா ஆச்சு."

சும்மா இருக்க முடியாமல், "பித்தான் அஞ்சும் இருந்துச்சே, எனக்கு ஏன் குடுத்தீங்க?" என்றேன்.

"உனக்குக் குளுருச்சு. கேட்ட. குடுத்தேன்." பிறகு சொன்னீர்கள்: "பாட்டு வேகமா ஓடுறப்ப யாரும் யோசிக்க மாட்டாங்கம்மா, கைய நீட்டிடுவாங்க. நீ வெளிய சொன்னீன்னா அத்தனை பேரும் திருப்பிக் கொண்டாந்துருவாங்க. மறுபடியும் அதையெல்லாம் அந்த வூட்ல நான் எங்க வெப்பேன்?"

வீட்டுக்குப் போய் ஸ்வெட்டரைக் கொடியில் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. விடிகாலையில் குளிர் தாங்கவில்லை. போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அதோடுதான் போனேன்.

பரப்பின சந்தேகத்தைத் திரும்பப் பொறுக்குவதுதான் பெரும்பாடு. "சேலத்து ஜனத்துக்கு மறதி ஜாஸ்தியாம், டிரைவரே சொன்னாரு" என்று மூன்று வரிசைக்கும் மறுபடி சொன்னேன். அதற்கப்புறம் எந்தச் சாமானுக்காவது கை எழவில்லையென்றால், நானே முந்திக்கொண்டு "என்னுதுங்க!" என்பேன். சீப்பும் சிமிழும் என்னிடம் வந்தது அப்படித்தான்.

நீங்கள் கண்ணை மூடிவிட்டதை, போன ஆடியில் புதுக் கண்டக்டர் சில்லறை இல்லை என்று சொல்வதுபோல் சொன்னார். உங்கள் விசிலும் தோல்பையும் யார் கையில் இருக்கிறதோ. அவற்றைத் தூக்கிக் காட்ட எந்த பஸ்ஸிலும் ஆள் இல்லை. என் சந்தேகபுத்தி மட்டும் போகவில்லை. கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. வழியில் ஒரு நல்ல பொருள் கிடந்தால், இது யாரோ தொலைத்ததா, வைத்துக்கொள்ள முடியாமல் யாரோ விட்டுவிட்டுப் போனதா என்று நின்று பார்க்கிறேன். பின்னால் வருகிறவர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.

அந்தத் தூக்குச்சட்டி விஷயம் உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் ஒரு எவர்சில்வர் தூக்கை உயர்த்தினீர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. பாட்டு முடியப் போகிறது. உங்கள் கை இறங்குவதுபோல் எனக்குத் தோன்றியது. பதறிப்போய், "என்னுதுங்க! மூடி லூசா இருக்கும்!" என்றேன்.

பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த டீச்சரம்மா எழுந்தார். "அது என் தூக்கு. மூடியில என் பேரு வெட்டியிருக்கும் பாருங்க."

வெட்டியிருந்தது. யாரும் தேய்க்காத பேர்.

"ஏம்மா, வாராவாரம் இதே பொழப்பா உனக்கு? போன வாரம் சீப்பு, இந்த வாரம் தூக்கா?" என்றார் டீச்சரம்மா.

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. நீங்கள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தீர்கள். நான் வேண்டாமென்று தலையாட்டினேன். சொன்னால் அத்தனையும் உங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடும். என் ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினேன். அவசரத்தில் என் கீரைக்கூடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அதை நீங்கள் தூக்கிக் காட்டினீர்கள். அடியில் கோணி தைத்திருக்கும், ஓரத்தில் எலி கடித்திருக்கும் என்று அடையாளம் சரியாகவே சொன்னேன். கொடுக்கக் கூடாது என்றார் டீச்சரம்மா. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். இறங்கும்போது ரகசியமாகக் கொடுக்கப் பார்த்தீர்கள். உங்களையும் சந்தேகப்படுவார்கள் என்று நான்தான் வாங்கவில்லை. கீரையைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனேன். கூடை ஏழு வாரம் எஞ்சின் பக்கத்தில் இருந்தது. எட்டாவது வாரம் டிரைவர் அதில் ஸ்பேனர்களைப் போட்டு வைத்துக்கொண்டார்.