இயற்பியல்: காலியிடம் இல்லை

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து கச்சான் காற்று. வாசல் முழுக்க மணல். இரண்டு முறை பெருக்கியாயிற்று. மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.

"கேள்வியும் நீங்களே கேட்டு, பதிலும் நீங்களே சொல்லிர்றீங்க. அப்ப நாங்க எதுக்கு டீச்சர்?"

இதைக் கேட்டு ஏழு வருடம் இருக்கும். பதினொன்றாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு. எழுந்து நின்று மரியாதையாகத்தான் கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அத்தனை வருடம் நன்றாகப் பாடம் நடத்துகிறேன் என்ற கர்வம். மூன்றாம் நாளிலிருந்துதான், கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணப் பழகினேன்.

கேட்டவள் சபீனா. இன்று மத்தியானம் வந்தாள். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டாள். கையில் ஒரு விண்ணப்பம். ஆசிரியர் கிடைக்காத பாடங்களுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை. பி.எட். படிக்க வைப்பார்கள். பதிலுக்கு, படித்து முடித்ததும் நான்கு வருடம் அரசுப் பள்ளியில் வேலை செய்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த ஒன்றியத்தில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லையோ அந்த ஒன்றியத்தில்தான் வேலை.

அவள் உம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். காலையில் போய்ச் சாயந்தரம் வீடு திரும்பும் தூரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷார்ஜா மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிவிடுவார்கள். ஷார்ஜாவில் வேலை செய்யும் வாப்பாவும் போனில் அதையே சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஒரே சந்தோஷம். என் பள்ளி, அவள் வீட்டிலிருந்து ஒரு பஸ். நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாக அந்த இடம் காலி. செவ்வாயும் வியாழனும் நானே சும்மா போய்ப் பாடம் எடுத்துவிட்டு வருகிறேன். இனி அவள். அந்தக் கரும்பலகை முன்னால் அவளை மனதில் நிறுத்திப் பார்த்தேன். துப்பட்டாவில் சாக்பீஸ் தூள்.

வாங்க: சீயக்காய், ஆட்டுக்கு அகத்தி, இவருக்குக் கண் சொட்டு மருந்து.

ஜூன் 17, செவ்வாய்

காற்று குறைவு. புழுக்கம்.

பிளஸ் டூ. பதினோரு பேர். மின்புலம். எப்போதும் சொல்கிற உதாரணம்தான். கருவாடு கண்ணுக்குத் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக் கூரையில் காய்கிறது. ஆனால் மூக்கு சொல்லிவிடும். கிட்டே போனால் கூடும், விலகினால் குறையும். வாடை பரவியிருக்கிற இடம்தான் புலம். மூக்குதான் சோதனை மின்னூட்டம். ஜெயராணி கேட்டாள், ஜலதோஷம் பிடித்தவனுக்குப் புலம் உண்டா இல்லையா என்று. நல்ல கேள்வி. பத்து எண்ணினேன். ஆறிலேயே பின் பெஞ்சிலிருந்து பதில்: புலம் உண்டு, மூக்குதான் இல்லை.

பாடத்தின் நடுவே கடற்படை விமானம். வழக்கம்போல் பாதி வாக்கியத்தில் நிறுத்தினேன். சத்தம் அடங்கியதும் மிச்சப் பாதியை வகுப்பு சொல்ல வேண்டும், அது எங்கள் ஏற்பாடு. உச்சிப்புளியில் இத்தனை வருடம் பாடம் எடுத்தவர்களுக்கு இது தானாக வந்துவிடும். கிளம்பும்போது படிக்கட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள்: "டீச்சருக்குத் தும்மல் வாரப்ப பிளேன் வந்தாக்கூட நிப்பாட்டிட்டுத்தான் தும்முவாங்க."

உண்மை. வீட்டில் இவரிடம் பேசும்போதும் நிறுத்திவிடுகிறேன். இவர் மிச்சப் பாதியைச் சொல்வதில்லை. எழுந்து போய்விடுகிறார்.

ஜூன் 18, புதன்

ராமநாதபுரம். சபீனா, அவள் உம்மா, நான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

அலுவலகப் பலகையில் பட்டியல். எங்கள் ஒன்றியம்: கணிதம், வணிகவியல். அவ்வளவுதான். மூன்று முறை படித்தேன். இயற்பியல் இல்லை. முதுகுளத்தூருக்கு இயற்பியல் இருக்கிறது.

தப்பு நேர்ந்திருக்கும் என்று உள்ளே போனேன். எழுத்தர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகக் கோப்பை எடுத்துக் காட்டினாள். எங்கள் பள்ளியிலிருந்து வந்த படிவம். இயற்பியல், பாடம் நடத்தப்படுகிறதா? ஆம். அதற்கு முந்தின வருடம்? ஆம். ஒன்றியத்தில் மற்ற பள்ளிகளில் எல்லாம் ஆள் இருக்கிறார்கள்.

"போஸ்ட்டு காலிதான் டீச்சர். ஆனா பாடம் நடக்குதே. நடக்குற பாடத்தை எப்படி நான் பற்றாக்குறைன்னு போட?"

அவளிடம் தப்பே இல்லை.

உம்மா வெளியே வந்து மெதுவாகக் கேட்டார், "முதுகுளத்தூரா? அங்கன நமக்கு யாரும்மா இருக்கா?" வரும் பஸ்ஸில் சபீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பாடம் நடத்துவது யார்? நான். மூன்று வருடமாக அந்த "ஆம்" நான்தான்.

பட்டியலை ஒரு தடவை திருத்துவார்களாம். அடுத்த வாரம் வெள்ளிக்குள் தலைமை ஆசிரியர் புதுப் படிவம் அனுப்பினால் உண்டு. கையெழுத்துப் போட மாதக் கடைசி.

சொட்டு மருந்து வாங்க மறந்துவிட்டது.

ஜூன் 19, வியாழன்

வகுப்புக்குப் போனேன். ஒன்றும் சொல்லவில்லை. வரைந்த அம்புக்குறியெல்லாம் கோணல்.

பிறகு தலைமை ஆசிரியர் அறையில். நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தார். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார், "நீங்க வந்துக்கிட்டே இருக்கீங்க, நான் எப்படி டீச்சர் இல்லைன்னு எழுத? நீங்க வராட்டி, இந்தப் பதினோரு பேருக்கு நான் என்ன சொல்ல?"

இடம் காலி, பாடமும் நடக்கவில்லை என்று போனால் தற்காலிகமாக யாரையாவது அனுப்பலாம். அனுப்பாமலும் போகலாம்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். எழுதவே வெட்கம். நடக்கவில்லை என்று எழுதி அனுப்பிவிடுங்கள், நான் பாட்டுக்கு வந்துபோகிறேன் என்றேன். அவர் மேசையைப் பார்த்தார். ஊசல் சோதனையில் 9.8 என்று விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்றபடி அளவுகளைப் பின்னால் நிரப்பும் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டை எத்தனை முறை திருப்பிக் கொடுத்திருப்பேன். மறுபடி செய், ஊசலை ஆட்டிப் பார், வந்ததை எழுது என்று.

வந்ததைத்தான் எழுத வேண்டும். அப்படியானால் நான் போகக் கூடாது.

ஜூன் 21, சனி

வெயில். நுங்கு வந்தது. இவருக்கு நான்கு, எனக்கு இரண்டு.

யோசனைகள்:

1. பிள்ளைகளை வீட்டுக்கு வரச் சொல்வது. (இவர் சொன்னது.) ஆகாது. பாதிப் பேருக்கு நான்கரை மணி பஸ்ஸை விட்டால் ஊருக்கு வேறு பஸ் இல்லை.

2. சபீனா முதுகுளத்தூருக்கே கையெழுத்துப் போடுவது. உம்மா விட மாட்டார்.

3. அடுத்த வருடம் பார்ப்பது. அடுத்த வருடம் அவள் ஷார்ஜாவில்.

4.

நாலாவது எழுத வரவில்லை. நாலாவது என்ன என்று தெரியும்.

இவரிடம் கேட்டேன், நான் போகாமல் இருந்தால் பாவமா என்று. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், சுற்றிப் பேசத் தெரியாது. "எங்கய்யா ஒத்தை ஆளா அம்பது ஆடு மேய்ச்சாரு. கூட ஆள் வேணும்னு ஒரு நாளும் கேட்டதில்ல. ஒரு நாள் படுத்துட்டாரு. அன்னைக்குத்தான் ஊருக்கே தெரிஞ்சுச்சு, இது ரெண்டாளு வேலைன்னு." சொல்லிவிட்டு நுங்கு எடுத்த வெறுங் கோந்தைகளை ஆட்டுக்குப் போடப் போய்விட்டார்.

ஒரு உண்மை. பிள்ளைகளுக்காகப் போகிறேன் என்று மூன்று வருடமாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். பாதிதான் நிஜம். செவ்வாய்க்கிழமை காலையில் சேலை மடிப்பு எடுக்கும்போதே கை லேசாகிவிடுகிறது. ஆய்வகக் கதவைத் திறந்ததும் வருமே, பழைய மரமும் மெழுகும் கலந்த வாசனை. இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடிக்கும்போது ஒரு பிள்ளையின் கண் விரிவது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அந்தப் பத்து. அது எனக்கு வேண்டியிருந்தது. இன்னும் வேண்டியிருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

சொல்லிவிட்டேன். பாடம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது. சபீனா பெயரைச் சொல்லவில்லை. நான் வருவதால் இங்கே ஆள் இல்லை என்பது மேலே யாருக்கும் தெரியவில்லை, அதனால் இன்றோடு நிறுத்துகிறேன், இரண்டு வருடம் கழித்து ஒருவர் நிலையாக வருவார் என்று மட்டும் சொன்னேன்.

யாரும் அழவில்லை. அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஜெயராணி எழுந்தாள்.

"ரெண்டு வருசம் கழிச்சு வாரவுகளுக்கு நாங்க இருக்க மாட்டோமே டீச்சர். நாங்க என்ன செய்ய?"

கேள்வி கேட்டால் பத்து எண்ணுகிறவள் நான். இன்று கேள்வி என்னிடம் வந்தது. பத்து போயிற்று. இருபது போயிற்று. விமானமாவது வந்திருக்கலாம்.

கடைசியில், தெரியவில்லை அம்மா என்றேன். அவள் உட்கார்ந்துகொண்டாள். தலையை ஆட்டினாள், கணக்குக்கு விடை வராது என்று தெரிந்ததும் ஆட்டுவது போல.

என் குறிப்பு நோட்டுகள் ஒன்பதில் எட்டை வகுப்பு அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். முதல் நோட்டை அவளிடமே கொடுத்தேன். சத்தமாக வாசி, புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடு என்றேன். ஆய்வகச் சாவி த.ஆ.விடம். வளையத்திலிருந்து கழற்ற நகம் போதவில்லை. அவர்தான் கழற்றினார்.

ஜூன் 26, வியாழன்

காலை எழுந்து தலைவாரிச் சேலையும் எடுத்து வைத்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. அதே சேலையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

பத்து நாற்பது. இரண்டாம் பீரியட். இவரிடம் ரசத்துக்குப் புளி போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விமானம். நிறுத்தினேன். எங்கள் கூரைக்கு மேல் வந்தால் அடுத்தது பள்ளிக்கு மேல்தான். அங்கே இன்று பாதியில் நிறுத்த ஒரு வாக்கியம் இல்லை. மூக்கு இங்கே, வாடை அங்கே.

சத்தம் அடங்கியது. இவர் எழுந்து போகவில்லை. "புளி வாங்கியாறேன்" என்றார். அதுதான் மிச்சப் பாதி.

சாயந்தரம் த.ஆ. போன். படிவம் போய்விட்டது. இயற்பியல்: நடத்தப்படவில்லை. எழுதும்போது பேனா ஓடவில்லை என்றார். இப்போதைக்குக் கணக்கு டீச்சர் அந்த பீரியடில் உட்கார்ந்து என் நோட்டை வாசிக்க வைக்கிறாராம். ஜெயராணிதான் வாசிக்கிறாளாம்.

ஜூன் 30, திங்கள்

மறுபடி கச்சான். துணி காயப்போட்டால் கொடியோடு பறக்கிறது.

பட்டியலில் இயற்பியல் வந்துவிட்டது. கடைசி வரி, எங்கள் ஒன்றியம். சபீனா கையெழுத்துப் போட்டாள், பக்கத்தில் உம்மா. நேரே இங்கே வந்தார்கள். உம்மா தொதல் கொண்டுவந்தார், தேங்காய்ப்பாலில் வீட்டில் கிண்டிய இனிப்பு. ஷார்ஜாவுக்கு என்ன சொன்னீர்கள் என்றேன். "பொண்ணுக்கு இங்கன வேலை இருக்கு, மாப்பிள்ளை வேணும்னா வரட்டும்னு சொல்லிட்டேன்" என்றார். முகத்தில் சிரிப்பு.

இரண்டு வருடப் படிப்பு, பிறகு நான்கு வருடம். மொத்தம் ஆறு. "அதை நான் பார்ப்பேன், இன்ஷா அல்லா" என்றார் உம்மா. எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

சபீனா தொதல் தட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"டீச்சர், காலேஜ் தொறக்க இன்னும் நாள் கெடக்கு. அதுவரைக்கும் நான் போயி அந்தப் பிள்ளைகளுக்கு எடுக்கட்டா?"

வேண்டாம் என்பது நாக்கு வரை வந்தது. போ, இப்போதே போ என்பதும் வந்தது. ஜெயராணி பென்சிலோடு நிற்பது மனதில் தெரிந்தது. இரண்டையும் விழுங்கினேன். எண்ணினேன். ஏழில் பதில் வந்தது, அவளிடமிருந்தே.

"வேணாம்ல. நான் போனா, மறுபடி ஆம்னு எழுதிருவாங்க."

உம்மாவுக்குப் புரியவில்லை. எங்கள் இருவருக்கும் புரிந்தது.

போகும்போது, முதல் நாள் வகுப்பில் என்ன செய்ய வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்றாள். அவர்கள் போனதும் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். கருவாடு, ஊசல், இசைக்கவை, விமானம். திரும்பப் படித்தேன். எல்லாம் என் பதில்கள். ஒவ்வொன்றாக அடித்தேன். மிஞ்சியது இவ்வளவுதான், இதுவும் அவள் கொடுத்தது:

கேள்வியைக் கேள். வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணு.