கை காட்டினால் நிற்கிற பழக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுத எடுத்த பேனா இருக்கிறோம் என்று எழுதிவிட்டது, அதற்காகப் பதறாதே. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள், அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் வந்து என்னோடு இருங்கள், கீழ் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன் என்று கேட்டாயே, அதற்கும் இதில்தான் பதில்.

முதலில் ட்ரோன் சங்கதி. கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று முன்பே சொன்னேன். கிரேன் ஓட்டின கைக்கு இது ரொம்பப் புதிதில்லை, அங்கே இரண்டு கைப்பிடி, இங்கே இரண்டு குச்சி, ஒன்று ஏற்றி இறக்கித் திருப்பும், மற்றது நாலு பக்கமும் நகர்த்தும். சினிமா மாதிரி வர வேண்டுமானால் இரண்டையும் ஒரே நேரத்தில், தளும்பத் தளும்பப் பால் இருக்கிற பாத்திரத்தைத் தூக்கிப் போகிற நிதானத்தில் அசைக்க வேண்டும். கஷ்டம் விரலில் இல்லை, உட்காருவதில்தான். கிரேன் ஓட்டின யார்டில் அந்த லாரி பின்னால் வந்து இடித்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாதே, அண்ணாந்து பார்த்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்துவிடுகிறது. உன் அம்மா ஒரு பழைய துண்டால் என் நெஞ்சைச் சக்கர நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுவாள், திருடனைப் பிடித்துக் கட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்று அவளே சிரிப்பாள். நாங்கள் பழகுகிற மைதானம் முழுக்கக் குண்டும் குழியும், சக்கரம் போகாது, ஓரத்தில் இருந்தபடியே விடுகிறேன். சந்தோஷமாக இருக்கிறதா அப்பா என்று கேட்டாய். தெரியவில்லை பாப்பா. இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போனது என்று டாக்டர் சொன்னார், அது மெல்ல மேலேயும் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, யாராவது வேடிக்கையாகப் பேசினால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

போன மாதம் ஸ்டுடியோக்காரர் ஒரு கல்யாணத்தில் என்னைச் சோதித்துப் பார்த்தார். சரியாக எடுத்தால் நிரந்தரமாக வேலை என்று பேச்சு. மண்டபத்திலிருந்து கூட்டம் வெளியே வருவதை மேலிருந்து ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். நானும் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். ட்ரோனைப் பார்த்ததும் ஜனங்கள் கையை ஆட்டினார்கள், யார் கையைத் தூக்கினாலும் நான் நிறுத்திவிட்டேன். யார்டில் சட்டம் அப்படி. மற்ற சைகைகளைக் கீழே நிற்கிற சிக்னல்காரர் ஒருவர்தான் காட்டலாம், ஆனால் நில் என்று கூட்டிப் பெருக்குகிறவர் கை காட்டினாலும் நிற்க வேண்டும், ஏன் என்று அப்புறம்தான் கேட்க வேண்டும். அத்தனை வருஷமும் கிரேனில் உட்கார்ந்திருந்தது அந்தப் பழக்கம்தான். என் விரல் என்னைக் கேட்கவே இல்லை. ஸ்டுடியோக்காரர் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, என்ன சார் இது, டவுன் பஸ் மாதிரி ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்குது, இதை எப்படி எடிட் பண்றது என்றார். நல்ல மனுஷர், இன்னொரு தடவை பார்க்கலாம், அதுக்குள்ள இந்தப் பழக்கத்தை விட்டுடுங்க என்று சொன்னார்.

அதற்குத்தான் உன் அம்மாவை மைதானத்தின் நடுவே நிறுத்திப் பழகினேன். அவள் கையைத் தூக்க வேண்டும், நான் நிற்காமல் அவள் பக்கமாகக் கடந்து போக வேண்டும். நான் நின்று நின்று போனேன். என்னை எத்தனை நாள் இந்த வெயில்ல காயப்போடுவீங்க, போங்களேன் என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள். ஒரு கையே தூக்குறீங்களேம்மா, ஜனங்க ரெண்டு கையும்தான் ஆட்டுவாங்க என்று ஸ்டுடியோக்காரர் சொல்லவும், அவள் வலது கையையும் தூக்கப் பார்த்தாள். நான் கையிலிருக்கிற திரையில் கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை தோளுக்கு மேலே வரவில்லை. இடது கையால் முழங்கையைப் பிடித்து உந்தித் தூக்கிவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தத் தடவைதான் முதன்முதலாக என் விரல் நிற்க மறந்தது. ட்ரோன் எண்ணெய் மாதிரி அவளைக் கடந்து போய்விட்டது. இதான் சார் ஷாட் என்று அவர் என் முதுகில் தட்டினார். அடுத்த வாரக் கல்யாணத்தில் நான் எங்கேயும் நிற்கவில்லை, வேலையும் கிடைத்துவிட்டது.

அவள் கடைக்குப் போன நேரத்தில், மைதானத்தில் அவள் கை தூக்கின அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு என்னைத் தூக்கித் தூக்கித்தான் அந்தத் தோள் போயிருக்கிறது. மேல் தட்டுப் பாத்திரங்கள் எல்லாம் கீழே வந்துவிட்டன, எனக்கு எட்டட்டும் என்று இறக்கினாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தலை வாருவதும் இடது கையால். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை.

வேலை கிடைத்த கையோடு, நாங்கள் வரவில்லை, இங்கேயே சமாளித்துக்கொள்வோம் என்று உனக்கு ஜம்பமாக எழுத இருந்தேன். இப்போது மாற்றிச் சொல்கிறேன். அவளை மட்டும் கூப்பிட்டுக்கொள். எனக்கு வேலை இருக்கிறது, நான் இங்கேதான் இருப்பேன். ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் நம் தெருவில் இருக்கிறார், காலையும் மாலையும் வந்து தூக்கிவிட ஒத்துக்கொண்டார், என் சம்பளத்தில் அவருக்குக் கொடுத்துவிடலாம். தோளைக் காட்ட வா என்றால் அவள் அசைய மாட்டாள். உனக்கு வேலை நேரம் மாறிவிட்டது, குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல். வந்ததும் டாக்டரிடம் காட்டு, குட்டியைத் தூக்க விடாதே. போகட்டுமா என்று என்னைத்தான் கேட்பாள், போயேன் என்பேன். உங்க முகத்துல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது என்று தினமும் குறைபடுகிறாளே, அந்த முகம் அன்றைக்காவது உதவட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒன்று தெரிகிறது என்றால் அது இதுதான்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குட்டிக்கு என் முத்தம். மூன்று பேரும் நன்றாக இருங்கள், உங்களுக்கு ஒரு குறையும் வராது. ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்துத்தான் இதைத் தபாலில் போடுகிறேன், படித்ததும் கிழித்துவிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. தோள் சரியாகும்வரை அவளை வைத்துக்கொள். நடுவில் நானே போன் செய்து அவளை அனுப்பு என்று கேட்பேன். அனுப்பாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா