ஒரு கார்டுக்கு இரண்டு டிரைவர்

நவம்பர் 11, செவ்வாய்

விடாத மழை. அப்பா ஆற்றுக்கு இறாலுக்குப் போகவில்லை.

அண்ணாவின் லப்டொப்பில் கை வைத்துவிட்டேன். கேட்காமல். பாட வீடியோ நின்று நின்று ஓடுகிறது என்று, யூடியூப்பில் ஒருவர் சொன்னபடி வைஃபை கார்டுக்குப் புது டிரைவர், அதை இயக்கும் மென்பொருள், இறக்கிப் போட்டேன். லினக்ஸில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஏன் போட்டேன்.

இப்போது பாஸ்வேர்ட் கேட்கிறது. கொடுத்தால் திரும்பவும் கேட்கிறது. வெள்ளி காலை அண்ணாவுக்கு அதில்தான் வேலை நேர்முகம். கம்பஸ் படிப்பு முடித்த பிறகு வந்த முதல் அழைப்பு.

புதன்

மழை விட்டது. நுளம்புக் கடி.

வைஃபை பக்கத்து வீட்டு ரதி மாமியுடையது. லப்டொப்பில் வயரோடு செருகி யன்னலில் வைத்த கார்டுக்கு மட்டும் எட்டும், போனுக்கு எட்டாது. அதற்காக, இறால் பட்ட நாளெல்லாம் மாமிக்கும் ஒரு கிண்ணம்.

அண்ணா மதிலடியில். "பாஸ்வேர்ட மாத்தினா மாத்தினன் எண்டு சொல்லுங்க மாமி."

"நான் ஏன் மனே மாத்துறன்? எனக்கு அதெல்லாம் தெரியுமா?"

"ராவிரவா நாடகம் பார்க்க மட்டும் தெரியுது."

மாமி உள்ளே போய்விட்டா. நான் யன்னலுக்குப் பின்னால். கை வைத்தது நான்தான் என்று சொல்ல வெளியே போகவில்லை. அண்ணா அடிக்கமாட்டார். என்னோடு பேசாமல் விட்டுவிடுவார். அதுதான் பயம்.

வியாழன்

பள்ளியில் என் சிநேகிதி ஜெனாவிடம் மட்டும் சொன்னேன். சிரிக்கிறாள். "ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு மருமகன விட்டிருக்காய். ஆருக்குக் கதிரை? புதுசா வந்தவர அனுப்பு புள்ள."

பின்னேரம் அண்ணா வெளியே. டெர்மினலில் கட்டளை அடித்துப் பார்த்தால் இரண்டு டிரைவரும் அந்த ஒரு கார்டைப் பிடித்தபடி. புதியதை நீக்கி, ரீஸ்டார்ட். அம்மாவின் போன் ஹொட்ஸ்பொட்டில் உடனே ஏறியது. ஒரே ஒரு கோடு, வீடியோவுக்குக் காணாது. ஆனாலும் கார்ட் சரி. அழுகை வந்தது.

மறுகா மாமியின் வைஃபையில் ஏறப் பார்த்தேன். பாஸ்வேர்ட் பிழை. திரும்ப அடித்தேன். பிழை.

இந்த முறை உண்மையாகவே மாற்றிவிட்டா. அம்மா வைத்த இறால் கிண்ணமும் மதிலில் அப்படியே, மூடியோடு.

அண்ணா நாளைக்குப் போடும் சேட்டை அயர்ன் பண்ணிக்கொண்டு அம்மாவிடம்: "நான் சொன்னன்தானே. மாத்தினது அவதான்."

மாமியின் குசினியில் இன்னும் லைட். அண்ணாவும் முழிப்பு. மாமியிடம் போய்ச் சொல்ல, அண்ணாவைத் தாண்டி முன்வாசலால்தான் போகவேண்டும்.

செருப்பு எங்கே வைத்தேன்.